சிப்பி, மாட்டுக்கறி, சீஸ்: எட்டு பேர் சாப்பாட்டுக்கு நூறு யூரோல எந்த பிரெஞ்ச் ஒயின் வாங்கலாம்?

பாரிஸ்க்கு பக்கத்துல இருக்குற என் சித்தி பொண்ணு போன வாரம் போன் பண்ணா. டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையோட ஆபீஸ்காரங்க ஆறு பேரை வீட்டுக்கு சாப்பிட கூப்பிட்டிருக்காங்களாம், இவங்க ரெண்டு பேரையும் சேத்தா எட்டு, முதல்ல சமைக்காத பச்சை சிப்பி, அப்புறம் பெஃப் பூர்கிஞோன், அதுக்கப்புறம் சீஸ் தட்டு, மெனு எல்லாம் முடிவாயிடுச்சு, "அண்ணா, ஒயின் மட்டும் நீங்க சொல்லுங்க, நூறு யூரோக்குள்ள நல்லதா எது?"ன்னு கேட்டா. நான் பாண்டிச்சேரில இருந்து வந்து 14 வருஷமா இங்க ரெஸ்டாரண்ட் கிச்சன்ல வேலை செய்யறேன், போன்ல அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சுது, அவளை மாதிரி இந்த ஊருக்கு புதுசா வந்து சூப்பர் மார்க்கெட் ஒயின் அடுக்கு முன்னாடி திகைச்சு நிக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்க, அதான் முழுசா எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு. பாட்டிலை பாத்து ஆரம்பிக்காதீங்க, தட்டைப் பாத்து ஆரம்பிங்க. தட்டுல என்ன தூக்கலா இருக்கு, உப்பா, கொழுப்பா, புளிப்பா, காரமா? ஒயின்ல பாக்க வேண்டியது நாலு விஷயம்: புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, ஆல்கஹால். இதுல துவர்ப்பை யாரும் நமக்கு சொல்லித் தரவேண்டாம், வாழைப்பூ, பாக்கு, நெல்லிக்கான்னு சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச சுவைதான். செவப்பு ஒயின் குடிச்சா நாக்கும் ஈறும் காஞ்சு இழுக்குதே, அது திராட்சை தோல்லயும் விதைலயும் இருக்குற டானின் பண்ற வேலை. அந்த துவர்ப்புக்கு கொழுப்பும் கறியும் வேணும், அது கிடைச்சா மெத்துன்னு ஆயிடும், கிடைக்கலைன்னா நாக்கைப் புடிச்சுக்கும்.

இதை நான் கத்துக்கிட்டது ஒரு தப்புலதான். வந்த புதுசுல ஒரு நண்பர் வீட்டு விருந்துக்கு போறப்ப பேர் பெத்த போர்தோ செவப்பு ஒண்ணு, அன்னைக்கு என் சம்பளத்துக்கு ரொம்ப அதிகமான விலை, வாங்கிட்டுப் போனேன். அங்க மேசைல சிப்பி. அவங்க மரியாதைக்கு என் பாட்டிலைத்தான் முதல்ல திறந்தாங்க, ஒரு சிப்பி, ஒரு வாய் ஒயின், அவ்ளோதான், தகரத்தை நக்குன மாதிரி வாய் பூரா ஒரு இரும்பு வாடை, மீன் கவுச்சி ரெண்டு மடங்காயிடுச்சு. யாரும் எதுவும் சொல்லல, மெதுவா க்ளாஸை நகத்தி வெச்சிட்டாங்க. அந்த ஒயின்ல ஒரு குறையும் கிடையாது, சிப்பியும் ஃப்ரெஷ்தான், ரெண்டையும் சேத்ததுதான் தப்பு.

அதனால சிப்பிக்கு வெள்ளை ஒயின், துவர்ப்பே இல்லாதது, புளிப்பு நல்லா இருக்குறது. இதுக்கு மூணு பேர் போட்டிக்கு வருவாங்க: மஸ்கடே, ஷப்லி, சான்செர்.

மஸ்கடே லுவார் ஆறு கடல்ல சேர்ற எடத்துல, நாந்த் ஊரைச் சுத்தி விளையறது. திராட்சை பேரு மெலோன் த பூர்கோஞ், பூர்கோஞ்னா பிரெஞ்ச்ல பர்கண்டி, பேர்லயே தெரியும் பர்கண்டி பக்கத்துலேர்ந்து போனதுன்னு. 1709ல வந்த கொடுமையான குளிர்ல அந்தப் பகுதி கொடியெல்லாம் செத்துப்போச்சு, அதுக்கப்புறம் பனியைத் தாங்குற இந்த ரகம் அங்க பரவலா வேர் புடிச்சுது. தனியா குடிச்சா பெருசா ஒண்ணும் பேசாது, கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் உப்புக்காத்து மாதிரி ஒரு வாடை. ஆனா லேபிள்ல 'சூர் லி'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அதாவது புளிச்சு முடிஞ்சப்புறம் அடியில தங்குற ஈஸ்ட் மண்டி மேலயே குளிர்காலம் பூரா விட்டு வெச்சு அப்படியே பாட்டில்ல அடைக்கிறது, அதுல லேசா ஒரு ரொட்டி மாவு வாசனையும் நாக்கு நுனில மெல்லிசா ஒரு சுறுசுறுப்பும் வரும். சிப்பி ஓட்டுல இருக்குற தண்ணியை உறிஞ்சிட்டு இதுல ஒரு வாய் குடிங்க, எலுமிச்சம்பழம் புழிய வேண்டிய வேலையே இல்ல.

ஷப்லி பர்கண்டியோட வடக்கு மூலை, திராட்சை ஷார்தொனே. அந்த மண்ணுல சுமார் 150 மில்லியன் வருஷத்துக்கு முந்தின கடலடி சேறு கல்லாகிக் கெடக்கு, கல்லைக் கையில எடுத்துப் பாத்தா நகம் அளவுக்கு குட்டி குட்டி சிப்பி ஓடு ஒட்டியிருக்கும். சிப்பி படிஞ்ச மண்ணுல விளைஞ்சதை சிப்பியோட குடிக்கிறோம்னு சொல்றப்ப கேக்க அழகாத்தான் இருக்கு, வாயிலயும் அது பொருந்துது, மஸ்கடேவை விட வாய்ல கனம் இருக்கு, சுண்ணாம்புக்கல் மாதிரி ஒரு சுத்தம் இருக்கு. பிரச்சினை விலை. அந்தப் பக்கம் ஏப்ரல்ல பனி விழுந்து துளிரைக் கருக்கிடும், ராத்திரி பூரா தோட்டத்துல மெழுகு வாளி கொளுத்தி வெச்சு காவல் இருப்பாங்க, 2021ல அப்படியும் விளைச்சல்ல பெரும்பகுதி போச்சு. நல்ல ஷப்லி இன்னைக்கு இருபது யூரோவைத் தொடுது, மஸ்கடே ஒம்பது பத்துல ரொம்ப நல்லதே கிடைக்குது.

சான்செர் சொவின்யோன் ப்ளாங், வாசனை தூக்கல், பச்சை இலை, கிரேப்ஃப்ரூட் மாதிரி. சிப்பிக்கு கொஞ்சம் அதிகம் பேசுதுன்னு என் அபிப்ராயம். அதோட சரியான ஜோடி ஆட்டுப்பால் சீஸ், சான்செர் மலைக்கு பக்கத்துலயே ஷாவிஞோல்னு ஒரு சின்ன ஊரு, அந்த ஊர் பேர்ல உள்ளங்கைல அடங்குற உருண்டை சீஸ், அதுக்கு இது உயிர்.

சிப்பிக்கு என் தீர்ப்பு மஸ்கடே. ஒரு பாட்டில் 75 சென்டிலிட்டர், ஆறு க்ளாஸ் வரும், எட்டு பேருக்கு ரெண்டு பாட்டில், பதினெட்டு யூரோ. மிச்சமானா ஆட்டுப்பால் சீஸுக்கு அப்படியே ஓட்டிக்கலாம், சான்செர் இல்லையேன்னு வருத்தப்பட வேண்டாம்.

அடுத்தது மெயின். பெஃப் பூர்கிஞோன்னா மாட்டோட கன்னக்கறியோ தோள்பட்டைக்கறியோ ஒரு ராத்திரி ஒயின்ல ஊற வெச்சு, பன்றிக்கொழுப்புத் துண்டு, கேரட், சின்ன வெங்காயம், காளான் எல்லாம் போட்டு மூணு மணி நேரம் மெல்லிசா கொதிக்க விடறது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா இந்தக் கறி வெந்து கரைஞ்சு நார் நாரா ஆயிடும், குழம்புல ஒயினோட புளிப்பு ஏற்கனவே இருக்கு, கேரட் வெங்காயத்தோட இனிப்பும் இருக்கு. அதாவது க்ரில்ல பொசுக்கி உள்ள சிவப்பா இருக்குற ஸ்டீக் மாதிரி இது துவர்ப்பைக் கேக்காது.

அதனாலதான் இதுக்கு போர்தோ என் முதல் சாய்ஸ் இல்ல. போர்தோன்னதும் எல்லாருக்கும் ஒரு பயபக்தி வரும், 1855ல பாரிஸ் கண்காட்சிக்காக ஒரு தரப்பட்டியல் போட்டாங்க, அது இன்னைக்கு வரைக்கும் கிட்டத்தட்ட அப்படியே நிக்குது, 1973ல மூத்தோன் ரோத்ஷில்ட்னு ஒரு தோட்டத்து ஒயின் முதல் வரிசைக்கு ஏறுனதுதான் பெரிய மாத்தம். சரி, பெருமை இருக்கு. ஆனா அங்க ஓடற ஆத்துக்கு இடது கரைல கபெர்னே சொவின்யோன் கை ஓங்கியிருக்கும், இளசா இருக்குறப்ப துவர்ப்பு நல்லா புடிக்கும், அதுக்கு ஆட்டுத்தொடை ரோஸ்ட், இல்ல வெட்டிக் காயவெச்ச திராட்சைக்கொடி குச்சியை எரிச்சு அந்தத் தணல்ல சுட்ட எந்த்ரகோத் ஸ்டீக், அந்த மாதிரி ரத்தச்சாறு இருக்குற கறிதான் சரி. கட்டாயம் போர்தோதான் வேணும்னா வலது கரைப் பக்கம் போங்க, சேந்த் எமிலியோன் மாதிரி, அங்க மெர்லோ அதிகம், கொஞ்சம் சாஃப்டா இருக்கும்.

டிஷ் எந்த ஊரோ ஒயினும் அந்த ஊருன்னு ஒரு விதி இருக்கு, அதுப்படி பாத்தா பர்கண்டி டிஷ்ஷுக்கு பர்கண்டி பினோ நுவார். ஊர்க்காரங்க பல நூறு வருஷம் ஒரே மேசைல ரெண்டையும் வெச்சு சாப்பிட்டு சாப்பிட்டு ஒண்ணுக்கொண்ணு பழக்கினது, அதை நான் சாதாரணமா தாண்டிப் போகமாட்டேன். செர்ரி வாசனை, மழைல நனைஞ்ச காட்டு மண் வாசனை, துவர்ப்பு மெல்லிசு, புளிப்பு நல்லா இருக்கும். ஆனா ஜெவ்ரே ஷாம்பெர்தான் மாதிரி ஒரு ஊர் பேர் போட்ட பாட்டில் ஒண்ணுக்கே உங்க பட்ஜெட்ல பாதி போயிடும், எட்டு பேருக்கு மூணு பாட்டில் வேணும். வெறும் 'பூர்கோஞ்'னு மட்டும் போட்டது பதினஞ்சு இருபதுல கிடைக்கும், அதுல நல்லதும் இருக்கு, தண்ணி மாதிரி இருக்குறதும் இருக்கு, தயாரிக்கிறவர் பேர் தெரியாம எடுத்தா அதிர்ஷ்டம்தான்.

இந்த எடத்துலதான் நான் ஒரு படி தெற்க இறங்கச் சொல்றேன், பொஜொலே. அங்க கமேன்னு ஒரு ரகம். 1395ல பர்கண்டி பிரபு பிலிப் லெ ஆர்தி இந்தக் கமேவை கெட்ட செடி, விசுவாசமில்லாத செடின்னு சொல்லி தன் நிலத்துலேர்ந்து வேரோட புடுங்கச் சொல்லி உத்தரவே போட்டாரு. அங்க தடை போட்ட அதே செடி தெற்க பொஜொலேயோட கருங்கல் மண்ணுல பிரமாதமா வந்துச்சு. பொஜொலேன்னதும் நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வர்ற நூவோவை நெனைக்காதீங்க, அது அந்த வருஷத்து அறுவடையை சுடச்சுட குடிக்கிறது, அது வேற கதை. நான் சொல்றது 'க்ரூ'ன்னு சொல்ற பத்து பகுதி, அதுல மோர்கோன், மூலான் ஆ வான் ரெண்டும் கொஞ்சம் கனமா இருக்கும், நாலஞ்சு வருஷம் வெச்சா பினோ நுவார் மாதிரியே மாறும். பதிமூணு யூரோக்கு நல்ல மோர்கோன் கிடைக்குது. துவர்ப்பு கம்மி, பழமும் புளிப்பும் ஜாஸ்தி, குழம்போட கொழுப்பை ஒவ்வொரு வாய்க்கும் துடைச்சு விடும். லியோன்ல பூஷோன்னு சொல்ற சின்ன சாப்பாட்டுக் கடைங்கள்ல குடல், தொத்திறைச்சி, பன்றிக்கறின்னு கொழுப்பான சாப்பாட்டுக்கெல்லாம் இதைத்தான் அடி கனமான 46 சென்டிலிட்டர் பாட்டில்ல ஊத்தி வெப்பாங்க, காரணம் இல்லாம இல்ல.

இன்னும் ரெண்டு பேரைக் கேப்பீங்க. ஒண்ணு காவோர், மால்பெக் திராட்சை, கருகருன்னு இருக்கும். அது வாத்துக் கொழுப்புல வெந்த வாத்துக்கறி, கோன்ஃபின்னு சொல்றதுக்கும், வெள்ளை பீன்ஸ், தூலூஸ் தொத்திறைச்சி போட்டு செய்யற கசூலேக்கும்தான் பிறந்தது, அந்தக் கனமான சாப்பாட்டுக்கு மத்த ஒயின்லாம் தோத்துடும், இது நிக்கும். நம்ம மெனுல அது குழம்பை அமுக்கிடும். இன்னொண்ணு ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கோட தெற்குப் பக்கம், ஷாத்தோநெஃப் த்யு பாப், ஜிகோந்தாஸ் எல்லாம், க்ரெனாஷ் திராட்சை, வெயில் குடிச்ச ஒயின், ஆல்கஹால் 14, 15 சதவீதம். ப்ரோவான்ஸ் பக்கம் ஆலிவ், ஆரஞ்சுத் தோல் போட்டு செய்யற தோப்னு ஒரு கறிக்குழம்புக்கு அருமை. மத்தியானத்துல எட்டு பேரு, அதுல நாலு பேரு கார் ஓட்டிட்டு வீட்டுக்குப் போகணும், வேண்டாம்.

ஆக மோர்கோன் மூணு, முப்பத்தொம்பது யூரோ. குழம்புல ஊத்தறதுக்கு தனியா ஒரு அஞ்சு யூரோ செவப்பு போதும், துவர்ப்பு கம்மியானதா பாருங்க, ஏன்னா கொதிச்சு வத்துறப்ப துவர்ப்பும் சேந்து வத்தி கசப்பா நிக்கும். நல்ல பாட்டிலை சட்டில ஊத்தாதீங்க, மூணு மணி நேரக் கொதில அந்த வாசனை எல்லாம் எக்ஸாஸ்ட்ல போயிடும்.

இப்ப சீஸ். இங்கதான் எனக்கு நிறைய சொல்ல இருக்கு. இந்த ஊர் வீடுகள்லயே பழக்கம் என்னன்னா மெயினுக்கு திறந்த செவப்பையே சீஸ்க்கும் தொடர்றது, வசதி, வேற ஒண்ணுமில்ல. ஒரு தடவை ஆட்டுப்பால் சீஸோட துவர்ப்பான செவப்பைக் குடிச்சுப் பாருங்க, வாய்ல சுண்ணாம்பு தடவுன மாதிரி ஆயிடும். காமம்பேர், ப்ரீ மாதிரி வெள்ளைத் தோல் சீஸோட கசக்கும். பெரும்பாலான சீஸுக்கு வெள்ளை ஒயின்தான் பொருத்தம், பாலோட கொழுப்புக்கும் உப்புக்கும் புளிப்புதான் பதில். மோர்கோன் துவர்ப்பு கம்மிங்கறதால அடிக்காது, ஆனா ஆஹான்னும் இருக்காது.

ஜெர்மனி எல்லை ஓரத்துல இருக்குற அல்சாஸ் ஒரு நல்ல ஆப்ஷன். அங்க லேபிள்ல திராட்சை பேரே எழுதியிருக்கும், புதுசா வாங்கறவங்களுக்கு அந்த அளவுக்கு நிம்மதி வேற எங்கயும் கிடையாது. ரீஸ்லிங் அவங்க ஊர் ஷூக்ரூத்க்கு, அதாவது புளிச்ச முட்டைக்கோஸும் பன்றிக்கறியும். கெவுர்ஸ்ட்ராமினர்னு இன்னொண்ணு, லிச்சிப்பழம், ரோஜாப்பூ வாசனை, லேசா இனிப்பு, நாத்தமடிக்கிற மூன்ஸ்தேர் சீஸ் மேல சீரகம் மாதிரி ஒரு விதையைத் தூவி இதோட சாப்பிடுவாங்க. நம்ம வீட்டு சமையல்ல மிளகு, இஞ்சி, பட்டை இருக்குற கோழிக்குழம்புக்கும் எனக்கு இதுதான் புடிக்கும், காரத்தோட ஆல்கஹாலும் துவர்ப்பும் சேந்தா எரிச்சல் ஏறும், லேசான இனிப்பு அதை அடக்கும். தட்டுல ரொக்ஃபோர் மாதிரி நீல சீஸ் வெச்சா சோத்தெர்ன், பூஞ்சை புடிச்ச திராட்சைல செய்யற தேன் மாதிரி இனிப்பு ஒயின், அரை பாட்டில் போதும், உப்பும் இனிப்பும் சேந்து வாய்லயே ஒரு பலகாரம் ஆயிடும்.

ஆனா அவ தட்டுல பெரிய துண்டு 18 மாசம் பழுத்த கோம்தே. அதனால நான் சொன்னது ஜுரா மலைப் பகுதியோட வேன் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின்.

இதைப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். கிச்சன்ல சேர்ந்து ரெண்டாவது குளிர்காலம், ஷெஃப் கோழிக்கு சாஸ் செய்ய ஒரு குட்டை பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன்ல ஊத்தி மோந்து பாருன்னு நீட்டுனாரு. நான் மோந்ததும் எனக்கு எங்கம்மா அஞ்சறைப்பெட்டி ஞாபகம் வந்துடுச்சு, வறுத்த வெந்தயம், அப்படியே வெந்தயம், பின்னாடி அக்ரூட், காஞ்ச பழம். மனசு ஏமாத்துதுன்னு நெனைச்சேன், இல்ல, பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது சோட்டோலோன்னு ஒரு வாசனைப் பொருள் வெந்தயத்துலயும் இருக்கு, இந்த ஒயின்லயும் இருக்கு, ரெண்டும் ஒண்ணேதான். சுவிட்சர்லாந்து எல்லைல இருக்குற ஒரு மலையடிவாரத்து ஒயின்ல நம்ம வீட்டு வாசனை.

எப்படி வருதுன்னா, சவாஞான்னு ஒரு திராட்சை, அதை பீப்பால ஊத்தி 6 வருஷம் 3 மாசம் விட்டுடுவாங்க. மத்த ஊர்ல பீப்பால ஒயின் குறையக் குறைய மேல ஊத்தி நிரப்புவாங்க, இங்க நிரப்ப மாட்டாங்க, மேல ஈஸ்ட் ஒரு மெல்லிசான ஏடு மாதிரி படியும், பால் ஆடை மாதிரி, அது ஒயினைக் காத்துலேர்ந்து காப்பாத்தி கெட்டுப்போகாம வெச்சு இந்த வாசனையைக் கொடுக்கும். ஒரு லிட்டர் ஊத்துனா கடைசில 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும்னு கணக்கு, அதனால பாட்டிலும் 62 சென்டிலிட்டர், க்ளாவ்லான்னு பேரு, தோள் அகலமா குட்டையா இருக்கும், கடைல தூரத்துலேர்ந்தே கண்டுபுடிச்சுடலாம். லூயி பாஸ்தர் வளர்ந்த ஆர்புவா ஊர்லயும் இதைச் செய்யறாங்க, ஷாத்தோ ஷலோன்னு ஒரு மலைமேல் ஊருக்கு இதுல தனிப் பேரே இருக்கு.

கோம்தேவும் அதே மலைப் பால்தான், ஒரு சக்கரம் நாப்பது கிலோ, அதுக்கு நானூறு லிட்டர் பால் போகும். ஒரு வருஷத்துக்கு மேல பழுத்தா அதுலயும் அக்ரூட், வறுத்த வெண்ணெய் வாசனை வந்துடும். ஒரு துண்டு வாய்ல போட்டு கரையற நேரத்துல வேன் ஜோன் ஒரு சொட்டு, ரெண்டும் எங்க பிரியுதுன்னே தெரியாது. புதுசா குடிக்கிறவங்க சிலர் முகம் சுளிப்பாங்க, ஒயின் கெட்டுப்போச்சான்னு கேப்பாங்க, அதனால தனியா கொடுக்காதீங்க, சீஸைக் கையில கொடுத்துட்டு அப்புறம் ஊத்துங்க.

விலை முப்பத்தெட்டு யூரோ பக்கம். எட்டு பேருக்கு ஒரே பாட்டிலான்னு அவ கேட்டா, போதும், இது ஆளுக்கு ஏழு சென்டிலிட்டர் ஊத்தி அரைமணி நேரம் வெச்சுக் குடிக்கிறது. கணக்கு போட்டா மஸ்கடே 18, மோர்கோன் 39, குழம்புக்கு 5, வேன் ஜோன் 38, சரியா நூறு. ஜுரா வேண்டாம், விருந்தாளிங்க எப்படி எடுத்துப்பாங்கன்னு பயமா இருந்தா அந்தக் காசுக்கு ஒரு நல்ல பூர்கோஞ் வெள்ளையும் அரை பாட்டில் சோத்தெர்னும் வாங்கலாம், அதுவும் தப்பில்ல, ஆனா நான் அவளுக்கு ஜுராவையே சொன்னேன், ஏன்னா மத்தது எல்லாம் அவங்க குடிச்சிருப்பாங்க.

மஸ்கடேவை ஃப்ரிட்ஜ்லேர்ந்து பத்து நிமிஷம் முன்னாடி எடுத்தா போதும். மோர்கோனை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுங்க, ஹீட்டர் ஓடற வீட்ல 'ரூம் டெம்பரேச்சர்'னா 22 டிகிரி, அதுல எந்த செவப்பும் ஆல்கஹால் வாடைதான் அடிக்கும், 14 டிகிரி இருந்தா பழ வாசனை மேல வரும். வேன் ஜோனை காலைலயே திறந்து வெச்சிடுங்க, ஜில்லுன்னு கொடுக்கக் கூடாது. பாட்டில்ல மிஞ்சுனா கொட்டிடாதீங்க, ஏற்கனவே அத்தனை வருஷம் காத்தோட பழகின ஒயின், மூடி போட்டு வெச்சா வாரக்கணக்குல நிக்கும். மறுநாள் கோழித்தொடையை வெண்ணெய்ல செவக்க வறுத்து, ஊறவெச்ச மோரீல் காளான், க்ரீம், இந்த மிச்ச ஒயின் ஒரு அரை க்ளாஸ், மூடி போட்டு நாப்பது நிமிஷம், அடுப்புலேர்ந்து வாசனை வர்றப்ப வெந்தயக்குழம்பு கொதிக்குதோன்னு ஒரு நிமிஷம் திரும்பிப் பாப்பீங்க.